அன்று தனி விலை, இன்று தள்ளுபடி: நீல ஒளி வீசும் வைரங்கள்

வைரத் தோடு வாங்கப் போனால் கடையில் கல்லோடு சேர்த்து ஒரு சர்டிபிகேட்டையும் நீட்டுவார்கள். கேரட், கலர், கிளாரிட்டி, கட் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ‘ஃப்ளோரசன்ஸ்’ என்ற வரிக்கு வந்ததும் பலருக்கும் தடுமாற்றம். ‘நன்’, அதாவது இல்லை என்று இருந்தால் நிம்மதி. ‘ஸ்ட்ராங்’ என்று இருந்தால் கல்லில் ஏதோ கோளாறு என்று நினைத்து அந்தத் தட்டையே ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் காரணமே இல்லை. அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புற ஊதாக் கதிர் பட்டால் சில வைரங்கள் ஒளிரும்; அந்த ஒளிர்வுதான் ஃப்ளோரசன்ஸ். கதிரை நிறுத்தினால் அந்த ஒளியும் நின்றுவிடும். வைரம் முழுக்கக் கார்பன்தான் என்றாலும், பூமிக்குள் உருவாகும்போது கொஞ்சம் நைட்ரஜனும் உள்ளே புகுந்துவிடும். மூன்று நைட்ரஜன் அணுக்கள் ஒரு காலியிடத்தைச் சுற்றி அமைந்துவிட்டால், அந்த அமைப்பு புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். வைரங்களைத் தரம் பார்த்துச் சான்றிதழ் தரும் ஜிஐஏ என்ற அமெரிக்க அமைப்பின் ஆய்வகத்துக்கு வரும் வைரங்களில் 25 முதல் 35 சதவீதம் வரை ஏதோ ஓர் அளவில் ஒளிர்பவை. அவற்றில் 95 சதவீதத்துக்கு மேல் நீலம்தான். நூற்றில் முப்பது கற்களுக்கு இயற்கையாகவே இருக்கும் ஒரு குணத்தைக் குறை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வைரத்தில் தெரியும் லேசான மஞ்சளுக்கும் பெரும்பாலும் நைட்ரஜன்தான் காரணம். நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று அடித்துவிடும் நிறங்கள். அதனால் லேசான மஞ்சள் உள்ள ஐ, ஜே, கே கலர் கல்லில் நல்ல நீல ஃப்ளோரசன்ஸ் இருந்தால், புற ஊதாக் கதிரும் கலந்த பகல் வெளிச்சத்தில் அது இன்னும் வெள்ளையாகத் தெரியும்.

நம் வீடுகளில் மூத்தவர்கள் பெருமையோடு சொல்லும் ‘ப்ளூ ஜாகர்’ தோட்டின் ரகசியமும் இதுதான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தில் கிடைத்த கற்கள் வெண்மைக்கும் நீலச் சாயலுக்கும் பேர்போனவை. 1893இல் 995 கேரட் எடையுள்ள எக்ஸெல்சியர் வைரம் கிடைத்ததும் அங்கேதான். அந்தப் பெயரில் இங்கே விற்ற கற்கள் எல்லாமே அந்தச் சுரங்கத்தில் வெட்டியவை அல்ல. ஆனால் வெயிலில் நீலம் தட்டினால் உயர்ந்த கல் என்று நம்பி, கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். ஏழு கல் தோடும் மூக்கில் போடும் பேசரியும் அப்படித்தான் தலைமுறை தாண்டி வந்தன.

பிறகு ஏன் மதிப்பு இறங்கியது? வியாபாரிகள் செய்த வேலைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. மஞ்சள் கலந்த கற்களைக்கூட ‘ப்ளூ வைட்’ என்று சொல்லி விற்றார்கள். இந்தச் சொல்லை இஷ்டத்துக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் அரசே கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்னொரு பக்கம், ஒளிர்வு அதிகமுள்ள சில கற்கள் பால் கலந்ததுபோல் மங்கலாகத் தெரிந்ததால் மொத்த வகைக்கும் கெட்ட பெயர். இன்று டி, ஈ, எஃப் போன்ற உயர்ந்த கலர்களில் ‘ஸ்ட்ராங்’ என்று இருந்தால் பத்து சதவீதத்துக்கு மேலேகூடக் குறைத்துக் கேட்கிறார்கள். கலர் இறங்க இறங்க அந்தத் தள்ளுபடியும் குறைந்துகொண்டே போகும்.

கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று ஜிஐஏவே சோதித்துப் பார்த்திருக்கிறது. 1997இல் வெளியான ஆய்வில், துறைக்கு வெளியே உள்ள சாதாரண மக்களால் ஒளிரும் கல்லையும் ஒளிராத கல்லையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலிருந்து பார்க்கும்போது, ஒளிர்வு அதிகமுள்ள கற்களுக்கே நல்ல கலர் என்று நிபுணர்கள் பலர் சொன்னார்கள். ஒளிரும் கற்களில் மங்கலாகத் தெரிந்தவை 0.2 சதவீதத்துக்கும் குறைவு என்பதும் ஜிஐஏ சொன்ன கணக்குதான். 2021இல் வந்த ஆய்வு இன்னும் ஆழமாகப் போனது. மங்கலுக்கு முக்கியக் காரணம் கல்லுக்குள் ஒளியைச் சிதறடிக்கும் மிக நுண்ணிய குறைகள். வலுவான ஒளிர்வு அந்த மங்கலைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான்.

வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 127 கேரட் போர்ச்சுகீஸ் வைரம் இருக்கிறது. பகல் வெளிச்சத்திலேயே லேசான நீலம் தெரியும் அளவுக்கு அதில் ஒளிர்வு அதிகம். அதை யாரும் கோளாறுள்ள கல் என்று சொல்வதில்லை.

மறுபக்கத்திலும் நியாயம் உண்டு. கலர் தரம் பார்க்கும் விளக்கில் கொஞ்சம் புற ஊதாக் கதிர் இருப்பதால், ஒளிரும் கல்லுக்கு உள்ளதைவிட நல்ல கலர் கிடைத்துவிடுகிறது என்று சில வல்லுநர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது. வீட்டு எல்இடி விளக்கில் புற ஊதாக் கதிர் அநேகமாக இல்லை என்பதால் அங்கே அந்த நீலம் உதவிக்கு வராது, கல்லின் சொந்த மஞ்சள்தான் தெரியும். அதனால் கடை விளக்கில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில், கொஞ்சம் நிழலில், அப்புறம் உள்ளே எல்இடியில் என்று மூன்று இடத்திலும் நீரோட்டம் பாருங்கள். வெயிலில் பால்போல மங்கினால் வேண்டாம். மங்காமல் பளிச்சென்று இருந்தால், அந்தத் தள்ளுபடி உங்களுக்கு லாபம்.

புற ஊதா டார்ச்சை அடித்து ‘நீலமா எரியுது, அசல்தான்’ என்று காட்டும் வீடியோக்களை நம்ப வேண்டாம். முக்கால்வாசி அசல் வைரங்களில் அப்படி எதுவும் தெரியாது. ஆய்வகத்தில் வளர்த்த கற்களிலும் ஒளிர்பவை உண்டு. அசலா இல்லையா என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது எக்ஸ்சேஞ்ச் நேரத்தில்தான். என் சித்தி தன் மாமியார் கொடுத்த தோட்டை மாற்றப் போனபோது, “ஃப்ளோரசன்ஸ் இருக்கும்மா, கழிச்சுத்தான் எடுப்போம்” என்றார்கள். அதே கடையில் புதுத்தோட்டுக்குப் போட்ட பில்லில் அந்தச் சொல்லே இல்லை. விற்கும்போது வாய் திறக்காத விஷயத்துக்கு வாங்கும்போது மட்டும் விலையைக் குறைப்பது அநியாயம். ‘மீடியம்’, ‘ஸ்ட்ராங்’ என்று எது இருந்தாலும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். திரும்பக் கொடுக்கும்போது அதற்காகக் கழிப்பார்களா, எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.