கதைக்கு ஒரு பெயர் உண்டு

மகளுக்கு வாங்கிய படப் புத்தகத்தில் ‘அழகியும் விலங்கும்’ கதையை வாசித்துக் காட்டியபோது, இதை யார் எழுதியது என்று கேட்டாள். அட்டையில் ஓவியரின் பெயர் இருந்தது. எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிரெஞ்சு நாட்டுப்புறக் கதை’ என்று அச்சிட்டிருந்தார்கள். அது தவறு என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

அந்தக் கதையை 1740-இல் எழுதி வெளியிட்டவர் கப்ரியேல் சூசான் த வில்நெவ் என்ற பெண்மணி. அவர் எழுதியது ஒரு நாவல் அளவுக்கு நீண்டது. அதில் அழகியின் தந்தையான வணிகருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். விலங்கு ஒவ்வோர் இரவும் அழகியிடம் கேட்பது திருமணத்தை அல்ல, தன்னுடன் படுக்கச் சம்மதமா என்றுதான் கேட்கிறது. அவள் மறுத்ததும் வற்புறுத்தாமல் எழுந்து போய்விடுகிறது. முன்பின் அறியாத ஆணுக்குக் குடும்பத்தார் பார்த்துக் கட்டிவைத்த காலத்தில், மறுக்கும் உரிமையை ஒரு பெண்ணின் கையில் கொடுத்து, அந்த மறுப்பை மதிக்கவும் செய்த அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் கடந்து போக முடிவதில்லை. 1756-இல், லண்டனில் ஆசிரியையாக இருந்த ழான் மரி லெப்ரேன்ஸ் த போமோன், தம் மாணவியருக்காக அதைச் சில பக்கங்களாகச் சுருக்கி, அந்தக் கேள்வியைத் திருமணக் கேள்வியாக மாற்றினார். இன்று உலகம் அறிந்திருப்பது அந்தச் சுருக்கத்தைத்தான்.

பெயர் மறைந்த கதை இது ஒன்று மட்டுமல்ல. பிரெஞ்சில் எழுத்து வடிவம் பெற்ற முதல் தேவதைக் கதையை 1690-இல் தம் நாவலுக்குள் வைத்தவர் மதாம் தோல்னுவா என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர். ‘தேவதைக் கதைகள்’ என்ற பெயரும் அவர் 1697-இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலிருந்தே பரவியது. ‘சிண்ட்ரெல்லா’ போன்ற கதைகளை எழுதிய ஷார்ல் பெரோவின் புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. அதன் முகப்புப் படத்தில் அடுப்பு நெருப்பருகே ஒரு முதியவள் நூல் நூற்றபடி கதை சொல்ல, மூவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கதைகளெல்லாம் எழுத்தறியாத கிழவிகளின் வாயிலிருந்து வந்தவை என்ற எண்ணத்தை நம் மனத்தில் பதித்ததில் அந்தப் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. உண்மையில் அவற்றில் பலவற்றை எழுதியவர்கள் பாரிஸின் இலக்கியக் கூடங்களில் கூடிய, நன்கு கற்ற பெண்கள்.

கோபுரத்தில் அடைபட்ட நீள்கூந்தல் பெண்ணான ரப்பன்சலின் கதையும் அப்படித்தான். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் ஆணையால் கன்னிமடத்துக்கு அனுப்பப்பட்ட மதுமசெல் த லா ஃபோர்ஸ் எழுதிய ‘பெர்சினெத்’, 1790-இல் ஜெர்மன் மொழிக்குச் சென்று, 1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் ஜெர்மானிய நாட்டுப்புறக் கதையாக இடம்பெற்றது. கோபுரத்தில் அடைபட்ட பெண்ணின் கதையை எழுதியவரின் வாழ்வில் மடத்துச் சுவர்கள் இருந்தன என்பதை அறிந்தபின் அந்தக் கதையைப் பழையபடி வாசிக்க என்னால் இயலவில்லை.

இந்தக் கதைகளுக்கு வாய்மொழி வேர்களும் இத்தாலிய முன்னோடிகளும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பழைய கதைக்கருவை எடுத்து எழுதிய பெரோவுக்கு ஆசிரியர் என்ற தகுதியைத் தயங்காமல் தருகிற நாம், அதையே செய்த பெண்களை மட்டும் ‘நாட்டுப்புறம்’ என்ற சொல்லுக்குள் கரைத்துவிடுவது எப்படி நியாயமாகும்? தமிழில் இக்கதைகளை வெளியிடும் பதிப்பாளர்களிடம் நான் வேண்டுவது ஒரே ஒரு வரிதான்: ‘மூலம்: வில்நெவ், 1740, சுருக்கம்: லெப்ரேன்ஸ் த போமோன், 1756.’