எந்தத் தாளைச் சட்டம் என்கிறோம்?

நீலகிரி மாவட்டக் கூடலூரில் நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஊர்ப்பெயருக்கு முன்பாக "செக்‌ஷன் 17" என்று சொல்பவர்கள் பலர் உண்டு. ஒரு சட்டத்தின் பிரிவு எண்ணே நிலத்துக்குப் பெயராகிவிட்ட இந்த ஊரிலும், அரசிடமிருந்து வரும் எந்தத் தாளையும் "சட்டம்" என்றே அழைக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

சட்டமன்றமோ நாடாளுமன்றமோ மசோதாவாக எடுத்து நிறைவேற்றி, ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, எண்ணும் ஆண்டும் இட்டு அரசிதழில் வெளியாவதே இயற்றப்பட்ட சட்டம். வழக்கறிஞர்கள் "ஆக்ட்" என்பது இதைத்தான். விதி, அரசாணை, சுற்றறிக்கை எல்லாம் அதற்குக் கீழே வருபவை, அதை மீற முடியாதவை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும் என்றானபோது, "புதுச் சட்டம்" என்றே கடைவீதியில் பேசிக்கொண்டார்கள். அது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. அதில் மாற்றம் வேண்டுவோர் போக வேண்டிய இடமும் நீதிமன்றமே.

நம் ஜன்மம் நிலச் சட்டத்தையே பாருங்கள். ஜன்மம் என்பது பரம்பரையாக வரும் நிலவுடைமை. ஜன்மம் எஸ்டேட்டுகளை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் அரசுக்கே நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றுவதற்கான, 1969ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் அது. நடைமுறைக்கு வந்ததோ 1974 நவம்பர் 27 அன்று. இடையில் 1972இல், ஜன்மம் காடுகளை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1974இல் 34ஆவது திருத்தத்தின் வழியே அடிப்படை உரிமைகளை மீறுவதாகச் சொல்லி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி சட்டங்களைக் காக்க ஏற்பட்ட, அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணைக்குள் அச்சட்டம் சேர்க்கப்பட்டது. அதை எதிர்த்துக் கூடலூரிலிருந்து போன வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்க்கப்பட்ட சட்டங்களையும் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அதன் அடிப்படைக் கூறுகளைக் கொண்டு நீதிமன்றம் ஆராயலாம் என்று 2007 ஜனவரி 11 அன்று ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, நம் தேயிலைக் காட்டிலிருந்து கிளம்பியது என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு, மின் இணைப்புக் கேட்டுப் போன பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓர் அலுவலகத்தில் "சட்டத்தில் இடமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊரார் "செக்‌ஷன் 17" என்று சொல்லும், ஜன்மம் சட்டத்தின் பதினேழாம் பிரிவோ தோட்டக் குத்தகைகளைப் பற்றியது, மின் இணைப்பைப் பற்றியது அல்ல. எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்த உட்பிரிவு என்று எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டு அக்காவுக்கு மனு எழுதிக்கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து வந்த பதிலில் ஒரு சுற்றறிக்கையின் எண்ணும் தேதியும் மட்டுமே இருந்தன. அந்தச் சுற்றறிக்கையின் நகலைக் கேட்டு இப்போது அடுத்த மனுவை எழுதியிருக்கிறோம்.