கிழமையோ, மாசமோ?

(விசுவமடு. மத்தியான வெயில். படலைக்கு உள்ளே பரமேஸ் அன்ரி. வெளியே, கழுத்தில் பட்டி தொங்க, கையில் டப்போடு ஒரு பொடியன்.)

பொடியன்: அன்ரி, நான் லோன் ஆள் இல்லை.

பரமேஸ்: அவையளும் அப்பிடித்தான் துவங்கிறவை.

பொடியன்: மெய்யா இல்லை அன்ரி. கிளிநொச்சியில புதுசா ஒரு கடை திறக்கிறம். உலகத்தில வாற புதுப்புதுச் சாமானுகளைச் சனத்துக்குக் காட்டி, எது பிடிக்குது எண்டு கேட்டு எழுதச் சொன்னவை.

பரமேஸ்: சேட்டைக் காற்சட்டைக்கு உள்ளுக்கு விட்டிருக்கிறியள். கழுத்தில பட்டி. கையில பேர் எழுத ஒரு பெட்டி. லோன்காரருக்கு வேற என்ன, கொம்போ முளைச்சிருக்கும்?

பொடியன்: படம் மட்டும்தான் காட்டுவன்.

பரமேஸ்: முந்தி வந்தவரும் படம்தான் காட்டினவர். ஃபிரிட்ஜ் படம். அவர் காட்டினார், நான் கட்டினன்.

பொடியன்: இந்த ஒழுங்கை முழுக்க ஒரு வீட்டிலயும் ஆக்கள் இல்லை. நீங்கள் மட்டும்தான் நிக்கிறியள். ஒரு அஞ்சு நிமிசம் தாங்கோ.

பரமேஸ்: ஆக்கள் எல்லா வீட்டிலயும் நிக்கினம். உங்கட மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டவுடனை இல்லாமல் போட்டினம். நான் கோழிக் கூட்டுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு நிண்டதால மாட்டிப்போனன்.

(சேட்டை உள்ளுக்கு விட்டு மோட்டார் சைக்கிளில் வருகிற எல்லாரையும் கடன்காரர் என்று நினைப்பது அநியாயம்தான். அந்த அநியாயத்தை இந்த ஒழுங்கைக்குப் பழக்கிவிட்டது அந்தப் பொடியன் இல்லை என்பதையும் சொல்லவேணும்.)

பொடியன்: கோழி வளக்கிறியளோ! அப்ப உங்களுக்கெண்டே ஒண்டு இருக்கு. 2013 இல அமெரிக்காவில வந்தது. முட்டைத் தட்டு. 14 முட்டை வைக்கலாம். எத்தினை முட்டை மிச்சம், எது பழசு எண்டு உங்கட போனுக்குச் சொல்லும்.

பரமேஸ்: கோழி இட்டவுடனை சொல்லுமோ?

பொடியன்: இல்லை, தட்டில வைச்சாப் பிறகு.

பரமேஸ்: தட்டில வைக்கிறது ஆர்?

பொடியன்: நீங்கள்தான்.

பரமேஸ்: நான் வைச்சதை எனக்கே சொல்லும்.

பொடியன்: குறைஞ்சாலும் சொல்லும் அன்ரி.

பரமேஸ்: குறைஞ்சது எனக்கே தெரியும். எடுத்தது கீரியோ, நாயோ, என்ர மருமோனோ எண்டு சொல்லுமோ?

பொடியன்: அதுக்கு கமரா வேணும். அது வேற சாமான்.

பரமேஸ்: காசு கட்டுறது கிழமையோ, மாசமோ?

பொடியன்: ஐயோ, நான் விக்க வரேல்லை! அந்தத் தட்டு இப்ப வாங்கவும் ஏலாது. அதைச் செய்த கொம்பனி 2015 இல வங்குரோத்து.

பரமேஸ்: முட்டை எண்ணியோ?

பொடியன்: வேறயும் கன சாமான் செய்தவை.

பரமேஸ்: அங்க முட்டை எண்ண மிசின் செய்யினம். இஞ்ச குரங்கு எண்ண ஆரை விட்டவை? எங்களை. 2025 மார்ச் 15 ஆம் திகதி, காலமை 8 மணியிலயிருந்து 8.05 மட்டும். காணிக்குள்ள நிக்கிற குரங்கு, மயில், மர அணில் எல்லாத்தையும் எண்ணிப் பேப்பரில எழுதவேணும். நாடு முழுக்க.

பொடியன்: ஓம், நியூசில பாத்தனான்.

பரமேஸ்: நான் கண்டது ரெண்டு மயில். எழுதிப்போட்டு பேப்பரை மடிக்கிறன், 8.06 க்கு ஒரு பட்டாளம் வந்து தென்னையில ஏறுது. குரும்பட்டியும் மிஞ்சேல்லை. பேப்பரில ரெண்டு மயில்தான் நிக்குது. உந்தப் பெட்டிக்குள்ள குரங்குக்கு ஏதும் இருக்கோ?

பொடியன்: குரங்குக்கு இல்லை... பழச்சாறுக்கு இருக்கு.

பரமேஸ்: குரங்கு விட்டுவைச்ச பழத்தைப் பிழியவோ?

பொடியன்: ஜூசேரோ எண்டு பேர். 2016 இல வந்தது, 699 டொலர். பழத்தையும் மரக்கறியையும் வெட்டி பையில அடைச்சு அவையே விப்பினம். அந்தப் பையை மிசினில கொழுவினால் பிழிஞ்சு கோப்பைக்குள்ள விடும். இன்ரநெட் வேணும்.

பரமேஸ்: பிழியிறதுக்கோ?

பொடியன்: பையில ஒரு கோட் இருக்கும். அதை வாசிச்சுப் பாத்து, திகதி முடிஞ்ச பை எண்டால் பிழியமாட்டன் எண்டு நிக்கும்.

பரமேஸ்: ரோசமான மிசின்தான். பேந்து?

பொடியன்: 2017 இல புளூம்பேர்க் செய்தியாளர் ரெண்டு கையாலயும் அந்தப் பையைப் பிழிஞ்சு பாத்தினம். மிசின் பிழியிற அளவுக்குச் சாறு கையிலயே வந்திட்டுது. அந்த வருசம் செப்ரெம்பரோட கொம்பனியை மூடீட்டினம். ஏறத்தாழ 120 மில்லியன் டொலர் முதல் போட்டு நடத்தினது அன்ரி!

பரமேஸ்: அந்தக் காசுக்கு ஆள்பிணை நிண்டது ஆர்?

பொடியன்: ஆள்பிணை எல்லாம் இல்லை. முதலீட்டாளர் நம்பிக் குடுக்கிறது.

பரமேஸ்: எனக்கு ஒண்டே கால் லட்சம் தாறதுக்கு அஞ்சு பெண்டுகளைக் குழுவாக் கட்டினவை. ஒருத்தி கட்டாட்டி மற்ற நாலு பேரும் கட்டவேணும். கையெழுத்து, ஐடென்டிக் கார்ட் கொப்பி, அவரின்ர கையெழுத்து, வீட்டுக்கு முன்னால நிண்டு ஒரு படம். பழம் பிழியிறவனுக்கு 120 மில்லியன், சும்மா சிரிச்சுக் காட்டினால் காணும். 2018 இல அரசாங்கம், வரட்சி வந்த மாவட்டங்களில பெண்டுகளின்ர கடனை வெட்டுறம், ஒரு லட்சத்துக்கு மேல்படாட்டி எண்டது. நான் ஒண்டே கால். அந்தக் காலாலதான் இண்டைக்கும் நடந்து திரியிறன்.

(கொஞ்ச நேரம் கோழிகள் மட்டும் கதைக்கின்றன.)

பொடியன்: ...மற்றப் படத்தைக் காட்டட்டோ அன்ரி?

பரமேஸ்: காட்டுங்கோ. என்னட்டையும் ஒரு பிழியிற மிசின் இருக்கு. கனடாவில இருந்து என்ர தம்பி அனுப்பினவன்.

பொடியன்: வேலை செய்யுதோ?

பரமேஸ்: கொழுவினன். பிழியேல்லை, புகைச்சுது.

பொடியன்: அங்கத்தே கரண்ட் 120 வோல்ற், இங்க 230. பெட்டியில எழுதியிருக்குமே.

பரமேஸ்: எழுதித்தான் இருந்தது. ஒருக்கா இங்கிலீசில, ஒருக்கா பிரெஞ்சில. இப்ப அதின்ர கிண்ணத்தில கோழிக்குத் தண்ணி வைக்கிறன். நல்ல பிரயோசனம்.

பொடியன்: சரி, இது போனே தேவையில்லாத சாமான். ஹியூமேன் எண்ட கொம்பனி 2023 நவம்பரில அறிவிச்சது. சேட்டில குத்திற சின்னப் பின். கேள்வி கேட்டால் மறுமொழி சொல்லும். உள்ளங்கையை நீட்டினால் அதில எழுத்து விழும்.

பரமேஸ்: சாத்திரியோ?

பொடியன்: லேசர் வெளிச்சம் அன்ரி. 699 டொலர்.

பரமேஸ்: பழம் பிழிஞ்சவனும் 699 தானே சொன்னவன்? அண்ணன் தம்பியோ?

பொடியன்: அதோட... மாதம் 24 டொலர்.

பரமேஸ்: வந்திட்டுது பார்! மாசம்!

பொடியன்: எனக்கில்லை, அவையளுக்கு!

பரமேஸ்: கட்டாட்டி ஆள் வருமோ?

பொடியன்: ஆள் வராது. சாமான் வேலை செய்யாது.

பரமேஸ்: அது கூடாத முறை. ஆள் வந்தால் தேத்தண்ணி குடுக்கலாம், மழையில்லை, நெல்லுக்கு விலையில்லை எண்டு கதைச்சு அடுத்த கிழமைக்குத் தள்ளலாம். பின்னோட என்னத்தைக் கதைக்கிறது?

பொடியன்: கதைக்கவே தேவையில்லை அன்ரி. 2025 பெப்ரவரியில எச்.பி. கொம்பனி 116 மில்லியன் டொலருக்கு அவையளின்ர சொத்துகளை வாங்கினது. அந்த மாசம் 28 ஆம் திகதியோட பின்னை நிப்பாட்டினம்.

பரமேஸ்: ஒழுங்காக் கட்டினவைக்கும்?

பொடியன்: எல்லாருக்கும்.

பரமேஸ்: அப்ப அது பெர்மிட் காணி. இருக்கலாம், உழலாம், கிணறு வெட்டலாம், பேரப்பிள்ளையும் காணலாம். உறுதி மட்டும் கேக்கப்பிடாது.

பொடியன்: காருக்கும் அப்பிடிச் செய்து பாத்தவை. 2022 இல பி.எம்.டபிள்யூ, தென்கொரியாவில, சீற்றைச் சூடாக்க மாதம் 18 டொலர் அளவில கேட்டது. சூடாக்கிற கம்பி முதலே சீற்றுக்குள்ள இருக்கு. காசு கட்டினால்தான் அதைத் திறந்துவிடுவினம்.

பரமேஸ்: சீற்றைச் சூடாக்கவோ காசு? உங்கட மோட்டச்சைக்கிளை வெயிலில விட்டிட்டுத்தானே நிக்கிறியள். போகேக்குள்ள இருந்து பாருங்கோ. ஒரு சதமும் வேண்டாம்.

பொடியன்: சனம் பேசினதால 2023 இல விட்டிட்டினம்.

பரமேஸ்: பேசினால் விடுவினமோ! அந்த நாட்டில பேச்சுக்கு நல்ல மரியாதை இருக்கு.

(பொடியனின் பொக்கற்றில் போன் அடிக்கிறது. பார்த்துவிட்டு வைக்கிறான். திரும்பவும் அடிக்கிறது.)

பரமேஸ்: எடுங்கோவன்.

பொடியன்: பிறகு எடுப்பம்.

பரமேஸ்: போனுக்கோ, மோட்டச்சைக்கிளுக்கோ?

பொடியன்: ...மோட்டச்சைக்கிள். லீசிங்.

பரமேஸ்: கிழமையோ...

பொடியன்: மாசம். ரெண்டு மாசம் பிந்தீட்டுது.

பரமேஸ்: எட, அதை முதலே சொல்லியிருக்கலாமே! படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளுக்கு வா மோனை. அதையும் உருட்டிக்கொண்டு வந்து கிணத்தடிக்கு அங்கால விடு. ரோட்டில நிண்டால் கண்டிடுவாங்கள்.

(வண்டி வேலிக்கு மறைவாகப் போகிறது. கதிரை ஒன்று வெளியே வருகிறது. இதுவரை நீங்கள், இனி நீ.)

பரமேஸ்: தேத்தண்ணிக்குச் சீனி போடலாமோ? இந்த வீட்டில உப்புத்தான் தடை. இவருக்குப் பிறசர். கிளினிக்கில உப்பைக் குறைக்கச் சொன்னவை. குறைச்ச நாள் தொட்டு, நான் கறி காய்ச்சேல்லை, கழுவிப்போட்டு வைக்கிறன் எண்டு கத்துறார்.

பொடியன்: அன்ரி! பாருங்கோ, இது அங்கிளுக்கே செய்தது. யப்பானில 2024 மே மாசம் வந்தது. உப்புக் கரண்டி. கிரின் எண்டு ஒரு பியர்க் கொம்பனி செய்தது.

பரமேஸ்: பியரோ? சொல்லு, இவருக்குப் பிடிக்கும்.

பொடியன்: மெய்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரோட சேர்ந்து செய்தவை. கரண்டி 60 கிராம் நிறை. வாயில வைச்சால் மெல்லிசாக் கரண்ட் போகும். அது சாப்பாட்டில இருக்கிற சோடியத்தை நாக்குப் பக்கம் இழுக்கும். கொஞ்ச உப்புப் போட்டாலே கூடப் போட்ட மாதிரி இருக்கும்.

பரமேஸ்: யானைக்கு வேலியில விடுறம். இவருக்கு வாயிலயோ?

பொடியன்: சின்னப் பற்றரி அன்ரி. ஒண்டும் செய்யாது.

பரமேஸ்: இன்ரநெட்?

பொடியன்: தேவையில்லை.

பரமேஸ்: (குரலைத் தாழ்த்தி) மாசம்?

பொடியன்: மாசமும் இல்லை, கிழமையும் இல்லை. ஒருக்கா வாங்கினால் உங்கட சாமான்.

பரமேஸ்: உதை வைச்சுக்கொண்டே இவ்வளவு நேரமும் முட்டையில நிண்டனீ! எழுது என்ர பேரை. விலை?

பொடியன்: 2024 இல வரேக்குள்ள 19,800 யென். எங்கட காசுக்கு 40,000 அளவில வரும்.

பரமேஸ்: வெட்டு என்ர பேரை.

பொடியன்: நல்ல சாமான் அன்ரி...

பரமேஸ்: நல்ல சாமான்தான். நான் இல்லையெண்டேல்லை. இவர் கையாலதான் சோறு தின்னுறவர். விரலில போடுற மாதிரி வந்தால் சொல்லு. உங்கட கடையில இருக்கோ உது?

பொடியன்: இல்லை. படம்தான்.

பரமேஸ்: என்னதான் இருக்கு அங்க?

பொடியன்: கேத்தில், ஃபான், ரைஸ் குக்கர். திறக்கிற நாளில தவணைக்குக் குடுக்கினம்...

(அன்ரி அவனைப் பார்க்கிறார். அவன் தேத்தண்ணியைப் பார்க்கிறான்.)

பரமேஸ்: குடி, ஆறுது. உனக்குப் போன் வேலை தெரியுமோ? தம்பிக்காரன் கனடாவில இருந்து ஏதோ எழுதி அனுப்பியிருக்கிறான். எழுத்துச் சின்னன், கண்ணாடி போட்டும் தெரியேல்லை.

பொடியன்: தாங்கோ... செற்றிங்ஸ்... எழுத்தளவு... இந்தாங்கோ.

பரமேஸ்: அட! எனக்குத் தெரியுது! 'அக்கா, மிசின் எப்பிடி வேலை செய்யுது' எண்டு கேட்டிருக்கிறான். இது எப்ப வந்த சாமான்?

பொடியன்: புதுசில்லை அன்ரி. நீங்கள் வாங்கேக்குள்ளயே போனுக்குள்ள இருந்தது.

பரமேஸ்: இவ்வளவு காலமும் உள்ளுக்கோ? ஒருத்தரும் காட்டேல்லையே! எவ்வளவு இதுக்கு?

பொடியன்: காசில்லை அன்ரி.

பரமேஸ்: எடி சிவக்கொழுந்து! மலர்! கதவைத் திறவுங்கோடி, இது லோன் இல்லை! போனைக் கொண்டு ஓடி வாங்கோ, ஒரு பொடியன் எழுத்துப் பெருப்பிச்சுத் தாறான்!

(எதிர் வீட்டுக் கதவு திறக்கிறது. அதற்கடுத்ததும். ஆக்கள் இல்லாத வீடுகளிலிருந்து ஆக்கள் வருகிறார்கள்.)

பொடியன்: அன்ரி, நான் பின்னேரத்துக்குள்ள இருபது பேரின்ர பேர் எழுதிக் குடுக்கவேணும்.

பரமேஸ்: எல்லாரும் இஞ்ச வருகினம், இருந்து எழுது. அந்தா, குடையோட வாறாளே, அவளிட்டை மட்டும் தவணை எண்டு வாய் திறந்திடாத. அவளுக்கு நாலு லோன்.