கவலையை மறக்கத் தேவையில்லை

அமெரிக்காவின் நன்றி சொல்லும் நாளான தேங்க்ஸ்கிவிங் அன்றைக்காவது கவலையை மறந்து நன்றி சொல்லுங்கள் என்கிறது ஒரு கட்டுரை. மறக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1863 அக்டோபரில் அமெரிக்க அதிபர் லிங்கன் இந்த நாளை அறிவித்தபோது உள்நாட்டுப் போர் ஓயவில்லை. அந்தப் போரில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம்தான். விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அதே அறிவிப்பு விதவைகளையும் அநாதைகளையும் மறக்காமல் குறிப்பிடுகிறது.

உளவியலாளர்கள் எம்மன்ஸ், மெக்கல்லா 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, தாங்கள் நன்றியோடு நினைக்கும் அதிகபட்சம் ஐந்து விஷயங்களை எழுதினார்கள். அந்த அளவே போதும். தினமும் எழுதினால் சீக்கிரமே ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். "குடும்பம், ஆரோக்கியம்" என்று எழுதினால் மனதில் எதுவும் அசையாது. "கீமோ முடிந்த செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டம்மா வாசலில் சூப் வைத்துவிட்டுப் போனார்" என்று ஆள், நாள், செயல் மூன்றும் இருக்கட்டும். இரண்டுதான் தோன்றினால் இரண்டோடு விடுங்கள். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களோடு ஒப்பிட வேண்டாம், குற்றவுணர்வுதான் மிஞ்சும்.

விருந்து மேசையில் ஆளாளுக்கு நன்றி சொல்லும் வீடுகளில், அந்த வருஷம் யாரையாவது இழந்தவரிடம் பேச விருப்பமா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள். வேண்டாமென்றால் அவர் முறை வரும்போது அடுத்தவர் பேசத் தொடங்கிவிடட்டும்.