அஞ்சு பர்சென்ட்டும் ஒரு நங்கூரமும்

"ராயபுரத்துல குந்திகினு நேட்டோவுக்கே அட்வைஸாண்ணா?" என்று ஆபீஸ் தம்பி சிரிக்கிறான். ஏன், சொல்லக்கூடாதா? நேட்டோ அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணிதான். ஆனால் துறைமுகத்தில் சரக்கை வெளியே எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்சியில் பிழைக்கிறவனுக்கு எந்தக் கடலில் எது நடந்தாலும் வயிற்றில் அடிதான். 2023 நவம்பரில் ஏமனின் ஹவுதி கிளர்ச்சிப் படை செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்ததும், ஐரோப்பா போகிற சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனது. பார்ட்டி தினமும் போன் போட்டு "கப்பல் எப்போ சார்?" என்பார். கப்பல் கம்பெனி ஆபீஸில் கேட்டால் தேதி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் நேட்டோ தன்னை எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதில் எனக்கும் அக்கறை உண்டு.

2025 ஜூனில் ஹேக் நகரத்தில் கூடி, 2035-க்குள் நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவோம் என்று முடிவெடுத்தார்கள். அதற்கு முன்னால் 2014-ல் வேல்ஸ் மாநாட்டில் வைத்த இலக்கு 2 சதவீதம். அந்த வருஷம் அதைத் தொட்டவை 3 நாடுகள்தான். இப்போது 2-லிருந்து 5-க்குத் தாவியதை ஏதோ பெரிய மறுபிறவி மாதிரி செய்திகளில் கொண்டாடினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காசு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். ஆள் மாறவில்லை.

மாற்றம் நடக்க வேண்டிய இடம் வேறு. 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் நடுவே கடலடியில் போகும் எஸ்ட்லிங்க் 2 மின் கேபிள் அறுந்தது. கூடவே தகவல் தொடர்பு கேபிள்களும் போயின. ரஷ்யாவிலிருந்து எண்ணெய் ஏற்றி வந்த 'ஈகிள் எஸ்' என்ற டாங்கர் மேல் சந்தேகம். பின்லாந்துக்காரர்கள் தயங்கவில்லை. ஹெலிகாப்டரில் போய்க் கப்பலில் இறங்கி, அதைத் தங்கள் கடலுக்குள் ஓட்டி வரச் செய்தார்கள். பார்த்தால் கப்பலில் ஒரு நங்கூரத்தைக் காணோம். பிறகு அதைக் கடலடியிலிருந்து எடுத்தார்கள். தெரியாமல் விழுந்து இழுபட்டுவிட்டது என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள்.

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் என் மாமாவிடம் இதைச் சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: "நங்கூரம் தரையில மாட்டினா படகு மொகமே திரும்பும், வேகம் உழும், இஞ்சின் முக்கும். அதுகூடத் தெரியாம ஓட்டுறவனுக்கு எவன்டா லைசென்ஸ் குடுத்தான்?" எங்கள் விசைப்படகும் அவ்வளவு பெரிய டாங்கரும் ஒன்றில்லை, தெரியும். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

வழக்கு என்ன ஆனது? 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி நீதிமன்றம், கேபிள் அறுந்தது பின்லாந்தின் கடல் எல்லைக்கு வெளியே, இதை விசாரிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டது. கப்பல் பறக்கவிட்டிருந்தது குக் தீவுகளின் கொடி, அதாவது பதிவு அங்கே. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிகளில் ஒருவர் இந்தியர். (நம்ம ஏரியாவிலிருந்து மெர்ச்சண்ட் நேவிக்குப் போகிற பசங்க ஏஜென்ட் சொல்கிற சம்பளத்தை மட்டும் பார்க்காமல், கப்பலின் வயசு, கொடி, இன்சூரன்ஸ் எல்லாம் விசாரித்துவிட்டு ஏறுங்கப்பா.)

இதுதான் இனிமேல் வரப்போகும் சண்டையின் முகம். குண்டு இல்லை, ராணுவ உடுப்பு இல்லை, யார் செய்தது என்று நிரூபிக்கவும் முடியாது. துறைமுகம், எண்ணெய் எல்லாம் எப்போதுமே குறிதான். 1914-ல் ஜெர்மனியின் எம்டன் வந்து குண்டு போட்டதே நம்ம துறைமுகத்துப் பக்கம் இருந்த எண்ணெய் டாங்குகள் மேல்தானே. ஆனால் எம்டன் வந்தது போர்க்கப்பலாக. இப்போது வருவது சரக்குக் கப்பலாக.

நேட்டோவின் 5-வது பிரிவு எழுதப்பட்டது 1949-ல். ஒருத்தர் மேல் ஆயுதத் தாக்குதல் நடந்தால் எல்லார் மேலும் நடந்த மாதிரி. அதை இதுவரை பயன்படுத்தியது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அந்தப் பிரிவிலும் ஒவ்வொரு நாடும் 'தனக்குத் தேவை என்று படுவதை' செய்யும் என்றுதான் இருக்கிறது. படை அனுப்பியே தீரவேண்டும் என்று இல்லை. சைபர் தாக்குதலும் இதில் வரலாம் என்று 2014-ல் ஒத்துக்கொண்டார்கள். 2007-ல் எஸ்டோனியாவின் வங்கி, அரசு இணையதளங்களெல்லாம் முடங்கிய அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. சரி, நங்கூரம் எதில் வரும்? எத்தனை கேபிள் அறுந்தால் அது தாக்குதல்?

2017 ஜனவரியில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது ஞாபகம் இருக்கும். முதலில் பெரிய பாதிப்பில்லை என்று சொன்னார்கள். அப்புறம் பாறை இடுக்கெல்லாம் தார் மாதிரி அப்பிக்கொண்டது. மீனவர்களும் காலேஜ் பிள்ளைகளும் வாளியில் அள்ளினார்கள். ஆபீசருக்கும் துறைக்கும் குறைச்சலா என்ன? முதல் மணி நேரத்தில் யார் இறங்குவது என்பதுதான் கேள்வி. 32 நாடு ஒருமனதாகத் தலையாட்டினால்தான் நகரும் கூட்டணிக்கும் அதே வியாதி. ஸ்வீடனைச் சேர்ப்பதற்கே துருக்கியும் ஹங்கேரியும் இழுத்த இழுப்பில் 2024 மார்ச் ஆகிவிட்டது.

அதனால் என் பார்வையில், உருப்படியான மாற்றம் 2025 ஜனவரியில் அந்த பால்டிக் கடலில் நேட்டோ ஆரம்பித்த 'பால்டிக் சென்ட்ரி' என்ற காவல் திட்டம்தான். போர்க்கப்பல், ரோந்து விமானம், கடல் ட்ரோன் எல்லாம் வைத்துக் கேபிள் மேல் கண் வைத்திருப்பது. கவர்ச்சியில்லாத வாட்ச்மேன் வேலை. அதிலும் ஓட்டை இருக்கிறது. அதே வருஷம் மே மாதம் எஸ்டோனியா ஒரு டாங்கரைத் தடுக்கப் பார்த்தபோது, ரஷ்யப் போர் விமானம் எஸ்டோனியாவின் வான்வெளிக்குள்ளேயே வந்துபோனது. டாங்கர் தன்பாட்டுக்கு ரஷ்யக் கடலுக்குள் போய்விட்டது. செப்டம்பரில் போலந்துக்குள் நுழைந்த ட்ரோன்களை அடிக்க எஃப்-35 போர் விமானம் பறந்தது. மலிவான ட்ரோனுக்கு அவ்வளவு விலை விமானமா என்று அவர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

அந்த 5 சதவீதத்தில் 3.5 நேரடி ராணுவச் செலவு. மீதி 1.5 சாலை, பாலம், துறைமுகம், சைபர், மக்களின் தயார்நிலை மாதிரி விஷயங்களுக்கு. எதிர்காலம் இருப்பது அந்த ஒன்றரையில்தான், ஏமாற்ற வசதியானதும் அதுதான். சிசிலித் தீவை இணைக்கத் திட்டமிட்ட மெசினா பாலத்தையே பாதுகாப்புக் கணக்கில் எழுதலாமா என்று இத்தாலி ஆட்சியாளர்கள் பேசினார்கள். நம்ம ஊர் கான்ட்ராக்டர்களுக்குக் கூட இந்த யோசனை வந்திருக்காது!

நேட்டோவுக்கு நான் ரசிகன் இல்லை. 1999-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் அனுமதி இல்லாமலே யூகோஸ்லாவியா மேல் குண்டு போட்டார்கள். 2011-ல் லிபியாவுக்குப் போய்விட்டு, அப்புறம் அந்த நாடு என்ன ஆனது என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஆப்கானிஸ்தான் கதை எல்லாருக்கும் தெரியும். எதையெடுத்தாலும் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அள்ளிக்கொள்ளும் கூட்டணி நாளைக்கு எந்தச் சரக்குக் கப்பலையும் நிறுத்தலாம் என்ற பயமும் எனக்கு உண்டு. அதற்காகத்தான் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள் என்கிறேன். எந்தச் சூழ்நிலையில் கப்பலில் ஏறலாம், யார் உத்தரவு போடுவது, எந்தக் கோர்ட்டு விசாரிக்கும் என்று.

நமக்கும் கேபிள் இருக்கிறது. சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர், 2020 ஆகஸ்ட்டில் திறந்தார்கள். சிங்கப்பூருக்கும் போகிறது. நமக்கு 32 பேரைக் கேட்கிற தொல்லை இல்லை, ஆனால் கடல் எல்லை தாண்டினால் சட்டம் நமக்கும் அதேதான். 2029-ல் ஹேக் முடிவைத் திரும்ப எடுத்துப் பார்ப்பார்களாம். யார் எத்தனை சதவீதம் என்ற பட்டியல் அன்றைக்கு எல்லா டிவியிலும் ஓடும். நான் தேடப்போவது ஒன்றைத்தான்: எல்லைக்கு வெளியே கேபிளை அறுத்த கப்பல் மேல் ஐரோப்பாவில் ஏதாவது ஒரு கோர்ட்டிலாவது வழக்கு நின்றதா என்று.