கென்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர் கிடைத்தது ரைமுக்காகவா?

"ராப்பில் யார் அதிகம் ரைம் போடுகிறாரோ அவரே சிறந்த பாடலாசிரியர், கென்ட்ரிக் லாமர் புலிட்சர் வாங்கியதே அதற்குத்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

2018இல் அமெரிக்க ராப் பாடகரான கென்ட்ரிக்கின் 'டேம்' ஆல்பத்துக்கு, அமெரிக்காவின் பெயர்பெற்ற புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது உண்மை. கிளாசிக்கல், ஜாஸ் இசைக்கு வெளியே அதைப் பெற்ற முதல் படைப்பும் அதுதான். ஆனால் தேர்வுக் குறிப்பு புலிட்சர் இணையதளத்திலேயே இருக்கிறது, ஒரே வாக்கியம். பேச்சுமொழியின் அசல் தன்மை, தாளத் துடிப்பு, இன்றைய ஆப்பிரிக்க அமெரிக்க வாழ்வின் சிக்கலைக் காட்டும் சித்திரங்கள் ஆகியவற்றைப் பாராட்டுகிறது. ரைம் பற்றிய பேச்சே இல்லை.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். கோழி வறுவல் கடை ஊழியர் ஒருவர், கடையைக் கொள்ளையடிக்கக் கூடிய ஆளுக்கு வரும்போதெல்லாம் இலவசமாகக் கோழி கொடுத்து உயிர் தப்புகிறார். ஊழியர் கென்ட்ரிக்கின் அப்பா, மற்றவர் பின்னாளில் கென்ட்ரிக்கை வளர்த்துவிட்ட இசை நிறுவன அதிபர் என்பது முடிவில்தான் உடைகிறது. ரைம் அங்கேயும் பிரமாதம், சரி. ஆனால் ஆளை உலுக்குவது கடைசிவரை மறைத்து வைத்த அந்த விஷயம்தான்.

இந்தத் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் புலிட்சர் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.