சம்பளம் வாங்கினால் அது சேவை இல்லையா?

ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கைப் பக்கம் இணையத்தில் சுற்றுகிறது, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஊழியர் ஊதியம்" என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், கீழே ஒரு கேள்வி: சேவை செய்கிறவர்களுக்கு எதற்குச் சம்பளம்? நேற்று ராத்திரிக்குள் என் நட்புப் பட்டியலில் பாதிப் பேர் அதைப் பகிர்ந்துவிட்டார்கள்.

வேலை செய்கிறார்கள், அதற்குச் சம்பளம் வாங்குகிறார்கள். என் பதில் இதுதான்.

அந்த அமைப்பு நடத்துவது தொலைபேசி வழி மனநல ஆலோசனை. அங்கே வேறு எதற்குச் செலவு செய்வார்கள்? நடுராத்திரியில் ஒருவர் அழுதுகொண்டே கூப்பிட்டால், எடுத்துப் பேசப் பயிற்சி பெற்ற ஓர் ஆள் விழித்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குத் தரும் சம்பளத்தில்தான் அந்தச் சேவையே நடக்கிறது.

லாப நோக்கமற்ற அமைப்பு என்றால் கையில் காசே மிஞ்சக் கூடாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தாராளமாக மிஞ்சலாம். மிஞ்சியதை நடத்துகிறவர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அமைப்பின் வேலைக்கே திரும்பிப் போக வேண்டும். கட்டணம் வாங்கலாம், பொருள் விற்கலாம். வங்கதேசத்தில் 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு அமைப்பு கைவினைப் பொருள் கடைகளும் பால் நிறுவனமும் நடத்தி வளர்ந்தது.

நான் இந்தத் துறையில் பல வருஷமாகக் கணக்கு எழுதுகிறவன். கணக்கில் பணம் இருந்தும் தொட முடியாத நிலை வெளியில் இருப்பவர்களுக்குப் புரிவதே இல்லை. ஒரு தடவை குழந்தைகளுக்குக் கணினி வாங்க மட்டும் என்று நிதி வந்தது. கணினிகள் வந்து இறங்கின. அவற்றை ஓட்டுகிற மின்சாரத்துக்கு அதிலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வங்கி இருப்பு நன்றாக இருக்கிறது, மின்கட்டண ரசீது கட்டாமல் என் மேஜையில் கிடக்கிறது. வெளியில் இருந்தவர்கள் அந்த இருப்பைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்கிறார்களே" என்றார்கள். 2004 சுனாமி நினைவிருக்கிறதா? சுனாமிக்கு வேண்டிய அளவு நிதி வந்துவிட்டது என்று, பேரிடர் நடந்த இடங்களில் மருத்துவ உதவி செய்யும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2005 ஜனவரித் தொடக்கத்திலேயே அறிவித்தது. கூடுதலாக வந்ததை வேறு நெருக்கடிகளுக்குச் செலவிடலாமா என்று தந்தவர்களிடமே கேட்டது. ஒன்றுக்கென்று தந்த பணத்தைக் கேட்காமல் இன்னொன்றுக்கு எடுக்கக் கூடாது.

"அப்போ மோசடியே நடக்கவில்லையா?" என்பீர்கள். நடக்கிறது. அதனால் அதிகம் அடிபடுவதும் ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான். கேளுங்கள். தணிக்கை அறிக்கை எங்கே? நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் ஒரே குடும்பமா? பொருள் வாங்குவதும் அந்தக் குடும்பத்து நிறுவனத்தில்தானா? இப்படிக் கேட்டால் திருடன் மாட்டுவான். மொத்தச் செலவில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்த்தால் மாட்ட மாட்டான், அந்தச் சதவீதத்தை எல்லோரையும்விட அழகாக எழுதித் தருகிறவன் அவன்தான். அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்கள் பற்றிய விவரங்களைத் திரட்டி மதிப்பிடுகிற கைடுஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் 2013இல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதமே எழுதின, இந்த விகிதத்தை மட்டும் வைத்து யாரையும் எடைபோடாதீர்கள் என்று.

தலைவருக்கு அநியாயச் சம்பளம் என்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். வட்டம் போட்ட வரி அது இல்லை.

"உண்மையான சேவை மனம் இருந்தால் சும்மா செய்வார்கள்" என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. வேறு வருமானம் உள்ளவர்தானே சும்மா செய்ய முடியும்? இல்லாதவர் இந்த வேலைக்கே வரக் கூடாதா? முன்பு நான் இருந்த இடத்தில் ஓர் ஆலோசகர் இருந்தார், அவ்வளவு பொறுமை. வாடகை கட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரிடம் பேசிப் பழகியவர்கள் ரொம்ப நாள் வரை கூப்பிட்டு அவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். சேவை மனம் குறைந்துபோய்விட்டது என்றா அவர்களிடம் சொல்வது?

அப்புறம், அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் என் பெரியப்பா மகனும் ஒருவர். அண்ணா, நிதி தருகிற இடத்தில் தவணையை இழுத்தடித்ததால் எனக்குச் சம்பளமே வராமல் இருந்தபோது கடன் கொடுத்தவர் நீங்கள்தானே? ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து கேட்டவரும் நீங்கள்தானே? உங்கள் கம்பெனியில் சம்பளம் இரண்டு நாள் தள்ளிப் போனால் எவ்வளவு கோபப்படுவீர்கள் என்று எனக்குத் தெரியும், அது நியாயம்தான். இங்கே அந்த மாதங்களில் ஒருவர்கூட வேலைக்கு வராமல் இருக்கவில்லை. அதையும் உங்களிடம் அப்போதே சொல்லியிருக்கிறேன்.